கேள்வி பதில்: கப்பல் போனது, பயணிகள் பிழைத்தார்கள்

சென்ற இதழில் 'உலகின் முதல் விமான நிறுவனம் எது?' என்று ஒருவர் கேட்டதற்கு, 'ஜெர்மனியின் டெலாக், 1909' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விபத்து பற்றியே இருக்கின்றன. நிறுவனத்தின் லாப நஷ்டம் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. சரி, இந்த வாரம் முழுக்க அதுவே.

டெலாக்தான் முதல் நிறுவனம் என்றால் முதல் விபத்தும் அவர்களுடையதுதானே? எத்தனை பேர் இறந்தார்கள்? (திருச்சி)

பயணிகளில் ஒருவர்கூட இல்லை. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அவர்கள் இழந்த கப்பல்களின் பட்டியல் அப்படி.

டெலாக் ஓட்டியது இறக்கை வைத்த விமானத்தை அல்ல, செப்பெலின் என்ற ஆகாயக் கப்பலை. ஹைட்ரஜன் நிரப்பிய பைகளை அலுமினியக் கூட்டுக்குள் அடுக்கி, மேலே துணி போர்த்தி, கீழே பயணிகளுக்கு ஒரு அறையைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவர்களின் முதல் கப்பல் எல்.இசட். 7 (கட்டியவர்கள் போட்ட வரிசை எண்), பெயர் 'டாய்ச்லாந்து'. 1910 ஜூன் 19-ல் முதன்முதலாகப் பறந்தது. 28-ம் தேதி டுசல்டார்ஃபிலிருந்து 23 பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு, நாலு நல்ல வார்த்தை எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் கிளம்பியது. எதிர்காற்று பலமாக அடிக்க, ஒரு எஞ்சின் நின்றுபோக, இடிமேகம் ஒன்று கப்பலை ஆயிரம் மீட்டருக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. அந்த உயரத்தில் வாயு விரிந்து வெளியேறிவிடும். அப்புறம் மிதக்க என்ன இருக்கிறது? டாய்ட்டோபர்க் காட்டு மரங்களின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. குதித்த பணியாளர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பத்திரிகையாளர்கள் பத்திரமாக இறங்கிப் போய், எதை எழுதக் கூடாதென்று நிறுவனம் வேண்டிக்கொண்டிருக்குமோ அதை எழுதினார்கள்.

அதே வருடம் செப்டம்பரில் அவர்களுடைய இன்னொரு கப்பல் எல்.இசட். 6 கொட்டகையிலேயே எரிந்தது. 1911 மே மாதம் இரண்டாவது 'டாய்ச்லாந்து' கொட்டகையை விட்டு வெளியே இழுக்கும்போதே காற்று தள்ளி மோதி முறிந்தது. பயணிகளைத் தீயணைப்பு ஏணி போட்டு இறக்கினார்கள். அன்று கப்பலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹியூகோ எக்கனர். காற்று சரியில்லை என்று தெரிந்தும், கூடியிருந்த கூட்டத்துக்கும் காத்திருந்த பயணிகளுக்கும் முன்னால் 'இன்று முடியாது' என்று சொல்லத் தயங்கியவர். அதன்பின் அவர் வானிலை விஷயத்தில் அசைந்து கொடுத்ததே இல்லை. பின்னாளில் 'கிராஃப் செப்பெலின்' கப்பலை உலகம் சுற்றிக் கொண்டுவந்தவரும் இதே எக்கனர்தான். அந்தக் கப்பல் 590 பயணங்கள் முடித்தது, ஒரு பயணிக்கும் காயமில்லை.

1912 ஜூன் 28-ல் டெலாக்கின் 'ஷ்வாபன்' கப்பல், டுசல்டார்ஃபில் தரையில் கட்டியிருந்தபோது, காற்றில் ஆடி ஆடி எரிந்து போனது. உள்ளே இருந்த வாயுப் பைகள் ரப்பர் பூசிய துணியால் ஆனவை. ஒன்றோடொன்று உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும், ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். அதன்பிறகு மாட்டுக் குடலின் சவ்வை அடுக்கடுக்காக ஒட்டிப் பை செய்தார்கள். ஒரு கப்பலுக்கு எத்தனை மாடு என்று கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் நடுவில், 1914-ல் முதல் உலகப் போர் வரும்வரை சுமார் 1,600 பயணங்களில் 34,000 பேரை டெலாக் ஏற்றி இறக்கியது. அதில் காசு கொடுத்து ஏறியவர்கள் பத்தாயிரம் சொச்சம்.

அப்படியானால் ஆகாயக் கப்பல் விமானத்தைவிடப் பாதுகாப்பானதா? (சேலம்)

விழும் விதம் வேறு. விமானத்துக்கு வேகம் இருந்தால்தான் மேலே தூக்கும் விசை கிடைக்கும், ஆகவே விழும்போதும் வேகத்தோடு விழும். கப்பல் மெதுவாக இறங்கி, மரத்தில் சிக்கி, நிதானமாக நொறுங்கும். ஆட்கள் இறங்கி ஓட நேரம் இருக்கும். ஆனால் தீப்பிடிக்கும்போது நடுவானில் ஆட்களோடு இருந்தால் கதை அவ்வளவுதான். 1913 அக்டோபர் 17-ல் பெர்லின் அருகே யோஹன்னிஸ்டாலில் ஜெர்மன் கடற்படையின் எல் 2 என்ற ஆகாயக் கப்பல் அப்படித்தான் எரிந்தது, உள்ளே இருந்த 28 பேரும் போனார்கள். டெலாக்கின் கப்பல்கள் எரிந்த நேரமெல்லாம் அவை தரையில், பயணிகள் இல்லாமல் இருந்தன. கவனம் பாதி, அதிர்ஷ்டம் பாதி என்று நான் சொல்வேன். அதிர்ஷ்டத்தின் பங்கைக் கொஞ்சம் கூட்டியும் சொல்லலாம்.

ஹிண்டன்பர்க்? (பல வாசகர்கள்)

1937 மே 6, அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் இறங்க வரும்போது எரிந்த ஜெர்மன் ஆகாயக் கப்பல், 36 பேர் இறந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது, படமும் பார்த்திருப்பீர்கள். நாம் பேசுவது அதற்கு முந்தைய காலம்.

போரில் சண்டை விமானம் ஓட்டியவர்கள்தான் பிறகு பயணிகள் விமானத்தையும் ஓட்டினார்களாமே? அவர்கள் கை நடுங்காதா? (நாகர்கோவில்)

ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். 1918-ல் போர் முடிந்ததும் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கில் விமானிகள் வேலையில்லாமல் நின்றார்கள். போர் விமானங்களும் சும்மா கிடந்தன. துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, சுடுபவன் உட்கார்ந்த இடத்தில் பயணியை உட்கார வைத்தார்கள். தோல் கோட்டு, தொப்பி, கண்ணாடி எல்லாம் கொடுப்பார்கள். மேலே கூரை கிடையாது.

உங்கள் கேள்விக்கு நேரடியான உதாரணம் லோதார் ஃபான் ரிஷ்ட்ஹோஃபன். 'சிவப்புப் பிரபு' என்று பெயரெடுத்த மான்ஃப்ரெட்டின் தம்பி. அண்ணன் போரிலேயே இறந்தார். தம்பி 40 எதிரி விமானங்களை வீழ்த்தியும், பலமுறை காயம்பட்டும் உயிரோடு வந்து, பெர்லின் ஹாம்பர்க் தடத்தில் தபாலும் பயணிகளும் ஏற்றிக்கொண்டிருந்தார். 1922 ஜூலை 4-ல் அவருடைய விமானத்தில் வந்தது ஃபெர்ன் ஆண்ட்ரா என்ற திரைப்பட நடிகை. ஹாம்பர்க்கின் ஃபூல்ஸ்பியூட்டலில் எஞ்சின் கோளாறு, விமானம் விழுந்தது. நடிகை பலத்த காயத்தோடு பிழைத்தார், லோதார் இறந்தார். கை நடுங்கியதாக யாரும் சொல்லவில்லை. ஒற்றை எஞ்சின், அதுவும் போர்க்காலத்தில் செய்தது. நின்றுவிட்டால் 40 விமானம் வீழ்த்திய கையாலும் என்ன செய்ய முடியும்?

அந்தக் காலத்தில் வழி எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ராடார் இல்லையே? (காரைக்குடி)

தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

1919 பிப்ரவரி 5-ல் பெர்லின் யோஹன்னிஸ்டாலிலிருந்து வைமாருக்குத் தினசரி விமானம் தொடங்கியது. நாட்டின் புதிய சட்டசபை வைமாரில் கூடியிருந்ததால் தபாலும் செய்தித்தாளும் அவசரமாகப் போகவேண்டியிருந்தது. நடத்தியது டொய்ச்சே லுஃப்ட்-ரீடராய், இன்றைய லுஃப்தான்சாவின் கொக்குச் சின்னம் இவர்களுடையதுதான். இரண்டு மணி நேரச் சொச்சம் பயணம். கையில் வரைபடம், முன்னால் திசைகாட்டி, கீழே ஆறு, சாலை, ரயில் பாதை. வானம் தெளிவாக இருந்தால் இதைவிடச் சுலபமான வேலை இல்லை.

மேகம் தாழ்ந்தால் என்ன செய்வது? தண்டவாளம் கண்ணில் படவேண்டுமே, ஆகவே விமானி தானும் தாழ்ந்து பறப்பார். மேகம் இன்னும் தாழ்ந்தால் இன்னும் தாழ்வார். குன்றின் உயரத்துக்கு மேகம் இறங்கியிருந்தால் குன்றும் அங்கேதான் இருக்கும். பனிமூட்டத்தில் மலைச்சரிவிலும் மரத்திலும் மோதிய விபத்துகளில் பெரும்பாலானவை இப்படி நடந்தவை. மேகத்துக்குள் புகுந்தாலோ வேறு ஆபத்து: அடிவானம் தெரியாதபோது மனிதனின் காது பொய் சொல்லும். விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும், விமானிக்கு நேராகப் போவதுபோலத் தோன்றும். பழைய ஆட்கள் 'என் உடம்புக்குத் தெரியும்' என்பார்கள். உடம்புக்குத் தெரியாது என்பதை அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடாக இருந்திருக்கும். லுஃப்தான்சாவில் கார்ல் ஆகஸ்ட் ஃபான் காப்லென்ட்ஸ் என்ற அதிகாரி, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சிக்காக விடாப்பிடியாக நின்றார். வெளியே பார்க்காமல் முள்ளை மட்டும் நம்பு என்பது, கண்ணால் பார்த்தே உயிர் பிழைத்த போர் விமானிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டவாளம், சாலை பார்த்துப் பறப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, எதிரே வருபவரும் அதே சாலையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். 1922 ஏப்ரல் 7-ல் பிரான்சில் பிக்கார்டி பகுதியில் ஒரு பிரிட்டிஷ் விமானமும் ஒரு பிரெஞ்சு விமானமும் மூட்டத்தில் நேருக்கு நேர் மோதி ஏழு பேர் இறந்தார்கள். இது ஜெர்மன் கதை இல்லை, ஆனால் ஐரோப்பா முழுக்க ஓட்டிய முறை இதுதான்.

வயலில் அவசரமாக இறங்குவதை அப்போது விபத்துக் கணக்கில் பெரிதாகச் சேர்க்கவே மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் இருமினால் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்கு, பயணியை அடுத்த ரயிலில் ஏற்று. அவ்வளவுதான்.

வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் விமானங்களை முடக்கியதே, அதனால் விபத்து குறைந்ததா, கூடியதா? (புதுச்சேரி)

நல்ல கேள்வி. முதலில் ஒரு வேடிக்கை: எல்.இசட். 7 விழுந்தது ஜூன் 28, ஷ்வாபன் எரிந்தது ஜூன் 28, போருக்குத் தீ வைத்ததுபோல சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டது 1914 ஜூன் 28, அந்தப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானதும் 1919 ஜூன் 28. ஜோதிடர்கள் எனக்கு எழுதவேண்டாம்.

1922-ல், போரில் ஜெயித்த நேச நாடுகள் ஜெர்மன் விமானங்களுக்கு வரம்பு வைத்தன: மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 4,000 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, 600 கிலோவுக்கு மேல் சுமை கூடாது. மூன்று எஞ்சின் வைத்த பெரிய விமானம் செய்ய நினைத்தவர்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள். யுங்கர்ஸ் ஸ்வீடனில், டோர்னியர் இத்தாலியில், ரோர்பாக் டென்மார்க்கில் பட்டறை போட்டார்கள். 1926-ல்தான் இந்தக் கட்டு தளர்ந்தது. அதுவரை உள்நாட்டில் பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் விமானங்கள்தான். ஒன்று நின்றால் மற்றது இழுக்கும் என்ற வசதி பல வருடம் தள்ளிப்போனது. குண்டு வீசும் விமானம் செய்யக்கூடாது என்று போட்ட கணக்கு, பயணியின் தலையிலும் விடிந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. வேகம் குறைவாக இருந்ததால் பிழைத்தவர்களும் இருப்பார்கள் என்று நீங்கள் வாதாடலாம், மறுக்கமாட்டேன்.

சீட் பெல்ட் எப்போது வந்தது? (ஈரோடு)

1919-ல் பறந்த யுங்கர்ஸ் எஃப் 13-லேயே பயணிக்குப் பெல்ட் உண்டு. நாலு பயணிகளுக்கு மூடிய அறை, முழுக்க உலோகம். விமானி மட்டும் வெளியே காற்றில் உட்கார்ந்திருப்பார், ஓட்டுபவனுக்கு முகத்தில் காற்று பட்டால்தான் வேகம் புரியும் என்று அப்போது நம்பினார்கள். உறுதியான விமானம், 300-க்கும் மேல் செய்து உலகெங்கும் விற்றார்கள். ஆனால் அமெரிக்கத் தபால் துறை வாங்கிய எஃப் 13-களில் எரிபொருள் குழாய் விறைப்பாக இருந்தது, எஞ்சின் அதிர்வில் விரிசல் விட்டுக் கசிந்தது. 1920 செப்டம்பரில் இரண்டே வாரத்துக்குள் இரண்டு விமானங்கள் நடுவானில் தீப்பிடித்து நாலு பேர் இறந்தார்கள். பெல்ட் இருந்தென்ன, குழாய் சரியில்லையே.

பிரபலமானவர்கள் யாராவது இறந்த பிறகுதான் விசாரணை நடக்குமா, அல்லது எல்லா விபத்துக்கும் நடந்ததா? (கும்பகோணம்)

கிண்டல் புரிகிறது. மற்றவற்றுக்கும் நடந்தது, ஆனால் செய்தித்தாளில் பெரிதாக வந்தது சிலதான்.

1926 ஜனவரியில் இரண்டு போட்டி நிறுவனங்களை அரசு சேர்த்துவைத்து டொய்ச்சே லுஃப்ட் ஹன்சா, அதாவது அந்நாளைய லுஃப்தான்சா, உருவானது. அடுத்த வருடம் செப்டம்பர் 23-ல் அவர்களுடைய டோர்னியர் மெர்க்கூர் விமானம் பெர்லினிலிருந்து மியூனிக் போகும் வழியில் ஷ்லைட்ஸ் ஊர் அருகே விழுந்தது. ஆறு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆகோ ஃபான் மால்ட்சான், அமெரிக்காவுக்கான ஜெர்மன் தூதர், 1922-ல் சோவியத்துடன் உறவைச் சீராக்கிய ராப்பாலோ உடன்படிக்கை ஏற்பட முக்கியக் காரணமாக இருந்தவர். நாடே அதிர்ந்தது.

மேகமும் மலையும் இங்கே குற்றவாளி இல்லை. பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையைத் தாங்கும் அமைப்பு முறிந்துவிட்டது. எஞ்சினின் ஓயாத அதிர்வில் உலோகம் சோர்ந்துபோயிருந்தது. ஒரு கம்பியை ஒரே தடவை மடக்கினால் உடையாது, முன்னும் பின்னுமாக இருபது தடவை மடக்குங்கள், பட்டென்று வரும். சின்ன வயதில் தாழ்ப்பாள் இல்லாத பெட்டிக்குக் கம்பி கட்டியவர்களுக்குத் தெரியும். இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், ஜெர்மன் ரயில்வேக்காரர்களுக்கு இது அறுபது வருடம் முன்பே தெரியும். ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்று 1850-களிலும் 60-களிலும் வருடக்கணக்கில் சோதனை செய்து, எத்தனை முறை எவ்வளவு சுமை என்று கணக்கே எழுதிவைத்திருந்தார். விமானத்தில் எடை குறைக்க ஒவ்வொரு கிராமாகச் செதுக்கியவர்கள், ஒரு முறை தாங்குமா என்று பார்த்த அளவுக்கு, லட்சம் முறை தாங்குமா என்று பார்க்கவில்லை.

மெசர்ஷ்மிட் போர் விமானம் செய்தவர். அவர் பயணிகள் விமானமும் செய்தாரா? (சென்னை)

செய்தார், அதில்தான் ஏறக்குறைய மூழ்கினார். எம் 20 என்று பத்துப் பயணிகளுக்கான விமானம், லுஃப்ட் ஹன்சாவின் ஆர்டர். 1928 பிப்ரவரி 26, முதல் பறத்தல், ஓட்டியவர் ஹான்ஸ் ஹாக்மாக். இறக்கையின் பின்விளிம்பில் போர்த்திய உறை பிய்ந்தது. அது மட்டும் என்றால் எப்படியாவது இறக்கியிருக்கலாம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் உள்ளே இருந்தவருக்கு அப்படித் தோன்றவில்லை, மிகத் தாழ்வான உயரத்தில் குதித்தார், பாராசூட் விரியவில்லை.

ஹாக்மாக், லுஃப்ட் ஹன்சா இயக்குநர் எர்ஹார்ட் மில்ஷின் நெருங்கிய நண்பர். நண்பன் செத்ததற்கு மெசர்ஷ்மிட் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை என்பது மில்ஷின் ஆத்திரம். ஆர்டர் ரத்தானது. ஆகஸ்டில் இரண்டாவது விமானம் ஒழுங்காகப் பறந்ததும் ஆர்டர் திரும்ப வந்தது. 1930 அக்டோபர் 6-ல் டிரெஸ்டனில் இறங்க வரும்போது ஒரு எம் 20 விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். 1931 ஏப்ரலில் இன்னொன்றும் விழுந்தது. பணத் தகராறு முற்றி, அந்த வருடம் ஜூனில் மெசர்ஷ்மிட்டின் நிறுவனம் திவாலானது. 1933-ல் மில்ஷ் விமானத் துறையின் செயலாளரானார், அதாவது யாருடைய விமானத்தை அரசு வாங்குவது என்ற பேச்சில் மில்ஷின் வார்த்தைக்கு மதிப்பு வந்தது. அப்படியிருந்தும் மெசர்ஷ்மிட்டின் 109 என்ற போர் விமானம் தேறியது என்றால் அது எவ்வளவு நல்ல விமானமாக இருந்திருக்க வேண்டும்! எம் 20-களும் பிறகு பல வருடம் பறந்தன.

விபத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் கதை ஏதாவது சொல்லுங்கள். சாவு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. (தூத்துக்குடி)

கிளென் கிட்ஸ்டன். பிரிட்டிஷ்காரர், பணக்காரர். 15 வயதில் கடற்படைப் பயிற்சி மாணவராக 'ஹோக்' என்ற கப்பலில் இருந்தார். 1914 செப்டம்பர் 22-ல் ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தது. அதில் ஹோக்கும் ஒன்று. பையன் தப்பினான்.

பதினைந்து வருடம் கழித்து, 1929 நவம்பர் 6-ல், லண்டன் குராய்டன் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம் கிளம்பிய லுஃப்ட் ஹன்சாவின் மூன்று எஞ்சின் யுங்கர்ஸ் ஜி 24-ல் அவர் பயணி. மூட்டம். சில நிமிடங்களில் சர்ரே பகுதியில் மார்டன் பார்க் குன்றின் மரங்களில் மோதித் தீப்பிடித்தது. எட்டுப் பேர் இருந்தார்கள். கிட்ஸ்டன் உடைத்துக்கொண்டு வெளியே வந்து, எரியும் உடையோடு புல்லில் உருண்டார். துணை விமானியாக வந்த ஷாம்பர்க்-லிப்பே இளவரசர் ஆய்கனும் வெளியே எடுக்கப்பட்டார், ஆனால் மறுநாள் இறந்தார். கடைசியில் மிஞ்சியது கிட்ஸ்டன் ஒருவர்தான்.

அடுத்த வருடமே லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் வூல்ஃப் பர்னாட்டோவுடன் ஜோடி சேர்ந்து ஜெயித்தார். 1931 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து கேப்டவுனுக்கு ஆறரை நாளில் பறந்து சாதனை படைத்தார். மே 5-ம் தேதி, தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைமேல், இரவல் வாங்கிய ஒரு சின்ன விமானம் நடுவானில் உடைந்தது. அதில்தான் அவர் இறந்தார், வயது 32. சாவு இல்லாத கதை கேட்டீர்கள், மன்னிக்கவும்.